சுகர் பந்தி

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் ஜெசிந்தா அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இலைக்கடை வைகுண்டமணிக்கும் நாட்குறிப்புக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் எழுதுகிறவர்கள் ஒன்று ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள், இல்லை மந்திரியாகப் போகிறவர்கள். நான் இரண்டும் இல்லை. எனக்குச் சுகர்.

தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம். என்ன சாப்பிட்டேன், எங்கே சாப்பிட்டேன், மனசு எப்படி இருந்தது. மாசக் கடைசியில் அவர் பார்ப்பார்.

"மனசுக்கும் சுகருக்கும் என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு. எழுதுங்க, உங்களுக்கே தெரியும்" என்றார்.

பசியோடு திரிந்த வயதில் 'என்னலே சாப்பிட்ட' என்று என்னை ஒரு ஆள் கேட்டதில்லை. கேட்டால் சோறு போட வேண்டி வருமே என்று பயம். இப்போது அதே கேள்வியைக் கேட்பதற்கு ஃபீஸ் வாங்குகிறார்கள். முன்னேற்றம்தான்.

டைரி, உரக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு பொன்மொழி, கீழே ஒரு பூச்சிமருந்து.

சாப்பாடு: இட்லி, சோறு, சப்பாத்தி. இடம்: வீடு. மனசு: கடையில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இட்லி. சோறு. சப்பாத்தி. வீடு. மனசைப் பற்றி எழுத நேரமில்லை, லாரி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மனசு என்ற இடத்தில் லாரி என்று எழுதினால் டாக்டர் அம்மா திட்டுவார். ஆனால் என் மனசு தெரிய வேண்டுமானால் என் கடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து வாழை இலை கட்டுக்கட்டாக வரும். நுனியோடு இருந்தால் நுனி இலை. நுனியைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் துண்டு போட்டால் ஏடு. நுனி இலை சம்பந்திக்கு, தாசில்தாருக்கு, சங்கத் தலைவருக்கு. ஏடு கடைசிப் பந்திக்கு. மேளக்காரர், பாத்திரம் கழுவுகிறவர், 'யாரோ வந்திருக்காங்க, உக்கார வை' என்கிற ஆட்கள். ஒரு வீட்டில் யாருக்கு என்ன மரியாதை என்று தெரிய ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. எத்தனை நுனி, எத்தனை ஏடு என்று என்னிடம் சொன்னால் போதும்.

மீசை முளைக்கும்வரை நான் ஏட்டில் சாப்பிட்டவன். வாழை இலைக்கு நுனி என்று ஒன்று உண்டு என்பதே இந்த வியாபாரத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது எனக்கும் நுனி இலை போடுகிறார்கள். ஆனால் பஜாரில் பெயர் 'இலைக்காரன்'தான். ஜவுளிக்கடை சங்கரலிங்கத்தை 'துணிக்காரன்' என்று யாரும் சொல்வதில்லை. அவர் வியாபாரிகள் சங்கத் தலைவர்.

கடையில் இலையைத் துடைத்து, கிழிசலைக் கழித்து, அடுக்குகிறவள் மாடத்தி. சுடுகாட்டுப் பாதையில் இருக்கிற தெருக்காரி. அவள் அப்பா மயான வேலை பார்த்தவர். புருஷன் செத்த வருஷம் என்னிடம் வந்தாள். இந்த ஊரில் நடந்த எந்தக் கல்யாணத்திலும் அவள் ஈரத்துணி படாத இலை கிடையாது. அதில் சாப்பிட்ட எல்லோருக்கும் அது தெரியும். சாப்பிடுமுன் தண்ணீர் தெளித்து ஒரு வழி வழிக்கிறோம் அல்லவா, அதோடு சரியாகிவிடுகிறது போல.

மனசு: கோபமெல்லாம் இல்லை. வியாபாரிக்குக் கோபம் கட்டுபடியாகாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாடத்தி தூக்குவாளியில் கொழுக்கட்டை கொண்டுவந்தாள்.

"அம்மனுக்குப் படைச்சது மொதலாளி. சூடா இருக்கு."

"வை, வை. பெறவு சாப்புடுதேன்" என்றேன்.

அவள் உள்ளே போனதும் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பஜார்ப் பசுவுக்கு வைத்தேன். எனக்குத்தான் சுகர் ஆயிற்றே. பசு வாளிக்குள் தலையை விட்டு ரசித்துச் சாப்பிட்டது. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் அதற்கு நல்ல சாப்பாடு. வருஷா வருஷம் இதே நடைமுறை.

எனக்குச் சுகர் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. அதற்கு முன்பு என்ன காரணம் வைத்திருந்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாடத்தி காலையில் வீட்டுக்கு வந்தாள். கையில் தாம்பாளம், பத்திரிகை. கடை முழுக்க நடமாடுகிறவள் வீட்டுக்கு வந்தால் கேட்டோடு நின்றுவிடுகிறாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொர்ணம் எப்போதாவது சொல்லியிருக்கலாம். சொர்ணம் என் மனைவி.

மகள் அனுசியாவுக்குக் கல்யாணம். டாக்டர் ஜெசிந்தா அம்மா லேபில் இரத்தம் எடுக்கிற அதே அனுசியாதான். மாப்பிள்ளை கோயில்பட்டி, மின்வாரியம். மாப்பிள்ளையின் அப்பா அய்யாத்துரை, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களும் இவர்கள் ஆட்கள்தான், ஆனால் ஒரு படி மேலே ஏறினவர்கள்.

"கட்டாயம் வாரேன்" என்றேன்.

"வந்தா பத்தாது மொதலாளி. இருந்து கை நனைக்கணும்."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். நிச்சயத்தன்று அய்யாத்துரை கேட்டாராம்: "எங்க ஊர்ல நம்ம வீட்டு விசேஷம்னா எல்லாத் தெருக்காரவுகளும் உக்காந்து சாப்புடுவாவ. ஒங்க ஊர்ல எப்படி?" இவள் சும்மா இருந்திருக்கலாம்.

"என் வாய் சும்மா இருக்கா மொதலாளி? எங்க பஜார் பூரா மொதப் பந்தில உக்காரும்னு சொல்லிட்டேன். அவுக ஒத்த வார்த்தைதான் சொன்னாவ. 'பாப்போம்'னு. அந்தப் பாப்போம்தான் என்னத் தூங்க விட மாட்டேங்கு."

"சரி, விடு. கல்யாணத்துக்கு ஆயிரம் பேச்சு."

"நாளைக்கு எம்புள்ள அந்த வீட்ல ஒரு வார்த்த எதுத்துப் பேசுனா, ஒங்க ஆத்தா சொன்ன பஜார் எங்கட்டின்னு கேப்பாவ. ஆயுசு பூராக் கேப்பாவ."

கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன். விரலெல்லாம் இலைக் கறை. அது போகாது. என் கையிலும் ஒரு காலத்தில் இருந்தது.

சாப்பாடு: தோசை. மனசு: இன்றைக்குக் கேட்க வேண்டாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொர்ணத்திடம் சொன்னேன்.

"போங்க, வேண்டாங்கல. கவர வச்சிட்டு, புள்ளைய வாழ்த்திட்டு வந்துருங்க. சோறு வீட்ல இருக்கு."

"சாப்புடாம வந்தா அவ மனசு கஷ்டப்படாதா?"

"ஒங்களுக்குத்தான் சுகர் இருக்கே."

சுகர் வந்தபோது இவள் மூன்று நாள் அழுதாள். இப்போது அது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சங்கத்தில் கொடியேற்றம். சங்கரலிங்கம் பேசினார். எல்லோரும் சமம், எல்லோரும் ஒரே இரத்தம் என்றார். நன்றாகக் கை தட்டினோம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

பிறகு நாற்காலியை மடக்கும்போது மாடத்தி வீட்டுக் கல்யாணப் பேச்சு வந்தது. எல்லாக் கடைக்கும் பத்திரிகை வைத்திருக்கிறாள்.

"போவோம்வே. நாலு பேரும் சேந்து போயி கவர வச்சிட்டு வந்துருவோம். போகாம இருந்தாத் தப்பாயிரும்" என்றார் சங்கரலிங்கம்.

"சாப்புடச் சொல்லுவாளே தலைவரே" என்றார் உரக்கடை திரவியம்.

"சுகர்னு சொல்லு. சுகர்னா எவனும் மறு வார்த்த பேச மாட்டான்."

அதோடு என் தோளில் கை போட்டார். "வே வைகுண்டம், அடுத்த மாசம் சங்கத்துக்குச் செயலாளர் நீதாம்வே. நான் முடிவு பண்ணிட்டேன்."

பதினெட்டு வருஷமாக இந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிறேன். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டதில்லை, மேடைக்குத் தோரணம் கட்ட மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். செயலாளர் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதினால் சுகர் குறையுமா என்ன?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அரிசிமில் வீட்டுப் புதுமனை புகுவிழா. என் கடை இலை, எல்லாம் நுனி. எதிர்ப் பந்தியில் சங்கரலிங்கமும் திரவியமும். சங்கரலிங்கம் ஜாங்கிரியைப் பிய்த்துப் பாயசத்தில் முக்கிச் சாப்பிட்டார். திரவியம் பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி அப்பளத்தை நொறுக்கிப் போட்டு வழித்தார்.

இது டாக்டர் அம்மாவுக்காக: இந்த ஊரில் ஒரு புது வகைச் சுகர் இருக்கிறது. பஜாரில் வராது. மேலரத வீதியில் வராது. சுடுகாட்டுப் பாதையில் திரும்பினால் உடனே ஏறிவிடும். மருந்து வேண்டாம், வீட்டுக்கு வந்தால் இறங்கிவிடும்.

நான் சாப்பிட்டது: சோறு கொஞ்சம், பொரியல் நிறைய. ஜாங்கிரியை உண்மையான சுகர்காரன் தொடவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாடத்தி கல்யாணத்துக்கு இலை ஆர்டர் கொடுத்தாள். முதலாளியிடம் வேலைக்காரி மாதிரி இல்லை, வாடிக்கைக்காரி மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொடுத்தாள். கடையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன்.

"எல்லாம் நுனி இலை. ஒரு ஏடு கூடக் கூடாது."

"கடைசிப் பந்திக்கு?"

"அதுக்கும் நுனிதான். மேளக்காரன் ஏட்டுல திங்கறதப் பாக்கவா நான் இவ்வளவு காலம் இலை தொடைச்சேன்?"

"இலையை நான் இனாமாத் தாரேன் மாடத்தி. என் சீர்னு வச்சிக்கோ."

"வேண்டாம் மொதலாளி."

"ஏன்?"

"இனாமாக் குடுத்தியன்னா ஒங்க மனசு நெறஞ்சிரும். இலை குடுத்தாச்சே, அது போதும்னு பந்திக்கு உக்கார மாட்டிய."

இலை வியாபாரத்தில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் இல்லை. இவள் பேரமே பேசாமல் ஜெயிக்கிறாள்.

மனசு: இலைக்கட்டுக்கு அடியில் விரல் மாட்டினது போல.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லேபுக்குப் போனேன். அனுசியாதான் விரலில் குத்தினாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் கூட இல்லை, இன்னும் வேலைக்கு வருகிறாள்.

"லீவு போடலையா?"

"ஊசிக்கு என்ன சார் கல்யாணம்?" என்றாள். பிறகு, "சார், ஒண்ணு கேக்கட்டுமா? பத்திரிகை வைக்கப் போன வீட்ல எல்லாம் சுகர் சுகர்ங்காங்க. பஜார்ல பாதிப் பேருக்குச் சுகர்னா எங்க லேப்புல கூட்டம் தள்ள முடியாதே. இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"யார் யாருக்கு நெசமாவே இருக்கு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது சார்" என்று சிரித்தாள். தாயின் சிரிப்புத்தான், பல்லில் வெற்றிலை மட்டும் இல்லை.

ஊருக்கே இலை துடைப்பவள் தாய். ஊருக்கே இரத்தம் எடுப்பவள் மகள். வாய்க்கு முன்னால் ஒருத்தி, தோலுக்கு உள்ளே ஒருத்தி. இதில் எல்லாம் தீட்டு ஒட்டுவதில்லை. சோற்றில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

சுவரில் ஒரு அட்டை தொங்கியது. 'சர்க்கரை நோயாளிகள் விருந்தில் என்ன சாப்பிடலாம்?' சாமைச் சோறு, பாகற்காய், கீரை, சுண்டல் என்று படம் போட்டிருந்தது. எத்தனையோ முறை அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றுதான் வியாபாரியாகப் படித்தேன்.

கடைக்கு வந்தவன் 'இந்தச் சரக்கு உங்ககிட்ட இல்லையே' என்று திரும்பிப் போனால் நான் என்ன செய்வேன்? மறுநாளே அந்தச் சரக்கை வாங்கி வைப்பேன். அதற்குப் பிறகும் திரும்பிப் போனால், அவன் சரக்கு வாங்க வந்தவன் இல்லை என்று தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 23, சனி

மாடத்தியையும் தவசிப்பிள்ளை கொம்பையாவையும் கடைக்குக் கூப்பிட்டேன். கல்யாணச் சமையல் கொம்பையாதான்.

"சுகர்காரங்களுக்குத் தனிப் பந்தி போடுவோம். சாமைச் சோறு, பாகற்காய்க் குழம்பு, சுண்டல், இனிப்பில்லாத பாயசம்."

"இனிப்பில்லாத பாயசமா? அதுக்குப் பேரு கஞ்சில்லா அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

மாடத்தி முதலில் முழித்தாள். பிறகு புரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யோசிச்சுக்கோ. சுகர்னு சொல்லிட்டுப் போனா உன் சம்பந்திக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பந்தியைப் போட்டுட்டா, உக்கார மாட்டேன்னு அவர் முன்னால மூஞ்சிக்கு நேராச் சொல்லிரலாம்."

"சொல்லட்டும் மொதலாளி. எங்கப்பன் காலத்துல மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னாவ. இப்பத்தான் சுகருங்காவ, வாயுங்காவ, டாக்டருங்காவ. சிரிச்சிக்கிட்டே தலையாட்ட வேண்டியிருக்கு. அதுக்கு நேராச் சொல்லுதது எவ்வளவோ தேவல."

இதில் எனக்கு என்ன லாபம் என்று சொர்ணம் கேட்டாள். கடைக்கு விளம்பரம் என்றேன். அவள் நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சங்கரலிங்கம் போன் பண்ணினார். "என்னவே, சுடுகாட்டுப் பாதைல தனிப் பந்தி, கினிப் பந்தின்னு பேச்சு அடிபடுது? சோறு கீறுன்னு நின்னுக்கிட்டிருக்காத. செயலாளர் ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கு தலைவரே" என்றேன். செயலாளர் பதவி, மாடத்தி வீட்டுச் சோறு, இரண்டும் ஞாபகம் இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. இலை பறந்தது. மனசு பற்றிப் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்ளவும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பஞ்சாயத்துச் சமுதாயக் கூடம். காலையிலேயே போய்விட்டேன். பந்தி வாசலில் என் கையால் எழுதிய அட்டை: 'சுகர் உள்ளவர்களுக்குத் தனிப் பந்தி உண்டு.' அடுப்படிக் கதவை விட்டால் கூடத்துக்கு ஒரே வாசல். வெளியே போக வேண்டுமானால் பந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டினவன் புண்ணியவான்.

மாப்பிள்ளையின் அப்பா அய்யாத்துரை தூணோரமாகக் கை கட்டி நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முப்பது வருஷம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றவர். எந்த வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள், எந்த வீட்டில் கையை மட்டும் நீட்டினார்கள் என்று பார்த்துப் பழகிய கண். அந்தக் கண் பந்தி வாசலிலேயே இருந்தது.

தாலி கட்டியானதும் பஜார்க்காரர்கள் கும்பலாக வந்தார்கள். தனியாக வரப் பயம். கவர் கொடுத்தார்கள், போட்டோவுக்குச் சிரித்தார்கள், திரும்பினார்கள். வாசலில் நான்.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள கெளம்பியாச்சா? பந்தி போடுதாங்க."

முதலில் மாட்டியது உரக்கடை திரவியம். "இல்ல அண்ணாச்சி, சுகர்..."

"அதானே பாத்தேன்! ஒங்களுக்குன்னே தனிப் பந்தி. வாங்க, வாங்க."

திரவியம் அட்டையைப் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்தார். "சுகர் மட்டும் இல்ல. இன்னைக்கு விரதம் வேற. வெள்ளிக்கெழம..."

"இன்னைக்கு வியாழன்."

"வியாழன்தான். குரு பகவானுக்கு."

"குருவுக்குக் கொண்டைக்கடலை விசேஷமாச்சே. சுண்டல் போட்டிருக்கு. உக்காருங்க."

அய்யாத்துரை தூணிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தார். திரவியம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு சங்கரலிங்கத்தைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். தலைவர் என்றால் இதற்குத்தானே.

சங்கரலிங்கத்துக்கு மைக்கில் பேசிப் பழகிய தொண்டை. "வே வைகுண்டம், எனக்கு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காவ. சுகர் அவ்வளவு ஏறிக் கெடக்கு. வெளில பச்சத் தண்ணி கூடத் தொடக் கூடாதாம்."

அது மணமேடை வரைக்கும் கேட்டது. அங்கிருந்து, மாலையும் கழுத்துமாக, அனுசியாவின் குரல்:

"சார்! ஒங்களுக்குச் சுகரா? போன வாரம் நான்தான சார் எடுத்தேன்? நார்மல்னு சொன்னதும், 'ஒன் கல்யாணத்துல ரெண்டு டம்ளர் பாயசம் குடிக்கேன் பாரு'ன்னு நீங்கதான சார் சொன்னிய!"

கூடமே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான். மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். ரிப்போர்ட்டை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் கல்யாணப் பெண் இன்றைக்கு லீவில் இருக்கிறாள்.

சங்கரலிங்கத்தின் முகத்தில் இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, உண்மைக் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போவது. அதற்கு ஒரு தைரியம் வேண்டும், சட்டமும் கொஞ்சம் குறுக்கே நிற்கும். இன்னொன்று, சிரிப்பது. அவர் சிரித்தார். "மறந்தே போச்சும்மா!" என்று போய் முதல் பந்தியில் உட்கார்ந்தார். தலைவர் உட்கார்ந்தால் சங்கம் உட்காரும். சுகர்ப் பந்தியும் நிறைந்தது. இரண்டு பேர் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படி வழியாக நழுவினார்கள். அவர்கள் பெயரை எழுதி இந்தக் காகிதத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

சங்கரலிங்கம் இலையில் தண்ணீர் தெளித்தார். வழித்தார். மறுபடி தெளித்தார். மறுபடி வழித்தார். இலையைக் குளிப்பாட்டியே எடுத்துவிட்டார். ஆனால் சோறு விழுந்ததும் சாப்பிடத்தான் வேண்டும். பாகற்காயை வாயில் வைத்தபோது திரவியத்தின் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அதைவிட மறக்க முடியாதது, அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது. கொம்பையா அப்படி ஒரு குழம்பு வைத்திருந்தார்.

மாடத்தி பந்தியின் கடைசியில் நின்று பார்த்தாள். கை கூப்பவில்லை. கண் கலங்கவில்லை. லாரியில் இறங்கிய இலைக்கட்டில் எத்தனை கிழிசல் என்று பார்க்கிற அதே பார்வை.

நான் சும்மா இருக்கவில்லை. சாம்பார் எங்கே, அப்பளம் எங்கே, அந்த இலைக்குத் தண்ணீர் வை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக் கல்யாணத்தில்கூட இப்படி ஓடவில்லை. ஒரு பந்தி, இரண்டு, மூன்று. வேர்வையில் சட்டை ஒட்டியது. பெருமையாக இருந்தது என்று எழுதினால் தப்பில்லை.

இலைக்கட்டு பக்கம் வந்து நின்றாள் மாடத்தி.

"மொதலாளி."

"என்ன, சாம்பார் பத்தலையா?"

"சம்பந்தி கேக்காவ. ஒங்க மொதலாளி சாப்புட்டாச்சான்னு. நான் என்ன சொல்ல?"

"பாக்கேல்லா, நிக்க நேரமில்ல. பந்தி யாரு பாப்பா?"

"பந்தி முடிஞ்சிட்டு மொதலாளி."

திரும்பிப் பார்த்தேன். முடிந்திருந்தது. மேளக்காரர்களும் கொம்பையா ஆட்களும் மட்டும் கடைசிப் பந்திக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அய்யாத்துரை தூணை விட்டு நகரவில்லை. பஜார் முழுக்க உட்கார்ந்ததை அவர் பார்த்துவிட்டார். உட்காராத ஒரு ஆளையும் பார்த்துவிட்டார்.

"எனக்கு நெசமாவே சுகர் மாடத்தி."

"தெரியும். எம்புள்ளதான எடுக்கா."

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு இலையை எடுத்து, துணியால் துடைத்துக்கொண்டே, கடையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள்:

"ஆனா எங்க வீட்டுக் கொழுக்கட்டையும் பணியாரமும் தின்னு ஒங்களுக்குச் சுகர் வந்திருக்காது மொதலாளி. வந்திருந்தா, அந்தப் பசுவுக்குத்தான் வந்திருக்கும்."

பஜாரில் எத்தனையோ பேர் என்னைக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் கொடுத்திருக்கிறேன். இன்று கை கழுவப் போனேன்.

கடைசிப் பந்தி. ஒரு பக்கம் தவில்காரர். மறு பக்கம், காலியாக இருந்த இடத்தில், அய்யாத்துரை வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் நுனி இலை. என் இலையை மாடத்தியே போட்டாள்.

"சாமை கொண்டா கொம்பையா" என்றேன்.

"சாமை ஏது அண்ணாச்சி? சுகர் இல்லாத சுகர்காரங்க வழிச்சித் தின்னுட்டாங்க. பச்சரிசிச் சோறுதான் இருக்கு. பாயசமும் நல்ல பாயசந்தான்."

போடச் சொன்னேன். நான் முதல் உருண்டையை வாயில் வைக்கும்வரை அய்யாத்துரை தன் இலையில் கை வைக்கவில்லை. நான் விழுங்கினதும் அவர் மாடத்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தாச்சு சம்பந்தி" என்றார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.

மாடத்தி தலையை ஆட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை.

சாப்பாடு: சோறு, சாம்பார், ரசம், மோர், பாகற்காய் இல்லை, பாயசம் இரண்டு முறை. முந்திரி குறைவுதான். பாயசம் மட்டும் மாடத்தியே வைத்ததாம். அந்தக் கை. இத்தனை வருஷம் அந்தப் பசு ருசி தெரிந்துதான் சாப்பிட்டிருக்கிறது.

இடம்: சுடுகாட்டுப் பாதை, சமுதாயக் கூடம்.

மனசு: நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சுகர் முந்நூறைத் தாண்டிவிட்டது. லேபில் வேறு ஒரு பெண், குத்தத் தெரியவில்லை. டாக்டர் அம்மா மாசக் கடைசிவரை காத்திருக்காமல் டைரியை வாங்கிப் படித்தார். திட்டுவதற்குத்தான் ஆரம்பித்தார். நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திரையைக் கூட்டுறேன். இன்னொரு தடவை ரெண்டு பாயசம் சாப்பிட்டா ஊசிதான்" என்று முடித்தார்.

சொர்ணம் நேற்று நான் வாசலில் கால் வைத்ததும், "குளிச்சிட்டு வாங்க" என்றாள். குளித்தேன். இன்று மத்தியானம் ரசம் ஊற்றும்போது, "பாயசம் சேமியாவா, ஜவ்வரிசியா?" என்று மட்டும் கேட்டாள். ஜவ்வரிசி என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். அவள் நாளைக்கே மாடத்திக்குக் கேட்டைத் திறந்துவிடுவாள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இது டாக்டர் படிக்கிற டைரி.

சங்கத்துக்குச் செயலாளர் திரவியமாம். இரண்டாம் முறை பாகற்காய் வாங்கினவருக்கு ஏதாவது கிடைக்கத்தான் வேண்டும். சங்கரலிங்கம் பேரனுக்குக் காதுகுத்து வருகிறது. இலை ஆர்டரை ரத்துப் பண்ணிவிட்டார். பேப்பர் இலை போடுகிறாராம். வாழை இலை மாதிரியே பச்சையாக அச்சடித்திருக்கும். நுனி கூட வரைந்திருப்பான். அவருக்குப் பொருத்தமானதுதான். மாடத்தி கை படாத இலை ஒன்று வேண்டும் என்றால் ஃபேக்டரிக்குத்தான் போக வேண்டும். அங்கே எந்தத் தெருக்காரி அடுக்குகிறாளோ, அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

மனசு: ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மாடத்தி வேலைக்கு வந்துவிட்டாள். மகள் கோயில்பட்டி போய்ச் சேர்ந்தாளாம். மறுவீட்டில் அய்யாத்துரை வந்தவர்கள் எல்லோரிடமும், "எங்க சம்பந்தி ஊர்ல பஜாரே உக்காந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு இலைக்கட்டைப் பிரிக்கப் போனாள். திரும்பி வந்து தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள்.

"முந்திரிக்கொத்து மொதலாளி. மறுவீட்டுப் பலகாரம்."

'பெறவு சாப்புடுதேன்' என்று வாய் வரைக்கும் வந்தது. பழக்கம். மூடியைத் திறந்து, அவள் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவள் துணியை நனைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வாளியின் வாசனைக்குப் பசு கடைக்குப் பின்னால் வந்து நின்றது. வழக்கம்போலத் தலையை உள்ளே நீட்டியது.

"போ, போ. ஒனக்குச் சுகர்" என்றேன்.